தெரிந்த படை

சென்ற மார்கழியில் ஒரு நாள் குடும்பத்தோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தோம். பெண்டுகள் சந்நிதியில் கூட்டம் குறையட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். நானும் என் மருமானும் பிராகாரத்தைச் சுற்றி வந்தோம். அவன் கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறவன். தேசிய மாணவர் படையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கூனிக் குறுகி நடந்துகொண்டிருந்த பிள்ளை, இப்போது கோயில் பிராகாரத்தில்கூடக் கையை வீசிக்கொண்டுதான் நடக்கிறான். அது ஒருபுறம் இருக்கட்டும்.

"இத்தனை எழுத்து எழுதியிருக்கிறார்களே, என்னதான் விஷயம், மாமா?" என்று கேட்டான்.

பெரிய கோயிலின் கற்கள் பேசுவதைப் போல் தமிழ்நாட்டில் வேறு எந்தக் கோயிலின் கற்களும் பேசுவதில்லை என்று சொல்லலாம். இன்னின்ன நகை, இன்னின்ன பாத்திரம், இன்னின்ன ஊரிலிருந்து இத்தனை கலம் நெல், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் யார் யார், எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கின்றன. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் அவற்றைப் படித்து 1891-ஆம் வருஷம் முதல் அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பட்டியல்களுக்கு நடுவிலே ராஜராஜனுடைய படைகளும் வருகின்றன. யுத்தச் செய்திக்காக அல்ல. கோயில் தர்மங்களோடு அவைகளுக்குத் தொடர்பு இருந்ததனால் வருகின்றன.

நினைவில் இருந்த சில பெயர்களை மருமானுக்குச் சொன்னேன். மும்முடிச்சோழ தெரிந்த ஆனைப்பாகர். நிகரிலிசோழ தெரிந்த உடனிலைக் குதிரைச் சேவகர். கேரளாந்தக தெரிந்த பரிவாரத்தார். நித்தவினோத தெரிந்த வலங்கை வேளைக்காரப் படைகள். பண்டிதசோழ தெரிந்த வில்லிகள்.

பையன் வாயில் அந்தப் பெயர்களை ஒருமுறை உருட்டிப் பார்த்தான். பிறகு முகம் வாடிவிட்டது. "எங்களுக்கு எட்டு என்று ஓர் எண்தான் இருக்கிறது, மாமா. எட்டாவது தமிழ்நாடு பட்டாலியன். அவ்வளவுதான். எங்களுக்கு ஏன் இப்படி ஒரு பெயர் வைக்கவில்லை?" என்றான்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடிய கேள்விதான். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. மாணவர்களின் படைக்கு இந்தத் தேசத்தில் எப்போது பெயர் வைத்தார்கள், யார் வைத்தார்கள், என்ன நினைத்து வைத்தார்கள் என்று தேடிப் போனேன்.

முதலில் அந்தத் 'தெரிந்த' என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். இன்றைக்குத் 'தெரிந்தவர்' என்றால் பழக்கமானவர், சிபார்சுக்கு ஆகிறவர் என்று பொருள். பழைய தமிழில் 'தெரிதல்' என்றால் ஆராய்ந்து பொறுக்கி எடுத்தல். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒருவனை ஆராய்ந்து தேர்ந்து, அப்புறம் சந்தேகப்படாமல் நம்புவது. ஆகையால் 'தெரிந்த வில்லிகள்' என்றால் வில் பிடிக்கத் தெரிந்தவர்கள் அல்ல. பலரிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட வில்லாளிகள். அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் மும்முடிச்சோழன், நித்தவினோதன் முதலியவை அரசகுலத்து விருதுப் பெயர்கள். பொறுக்கி எடுத்ததற்கு அடையாளமாக அரசன் தன் பெயரையே படைக்குக் கொடுத்துவிட்டான். சம்பளத்துக்கு மேலே ஒரு சம்பளம் அது.

வேளைக்காரர் என்ற சொல்லுக்கு, வேளை வந்தபோது அரசனுக்காக உயிரைக் கொடுக்கச் சபதம் செய்தவர்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் பொருள் கண்டிருக்கிறார்கள். இந்த வேளைக்காரர் இலங்கைக்கும் போனார்கள். பொலன்னறுவையில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. புத்தபிரானின் பல் வைத்திருந்த கோயிலைத் தாங்கள் காப்பதாக அதிலே வாக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு, அந்தக் கோயிலுக்குத் தங்கள் பெயரையே சூட்டிவிடுகிறார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி! அரசன் பெயரைச் சுமந்தவர்கள் கடல் கடந்து போய்த் தங்கள் பெயரைக் கொடுக்கும் ஸ்தானத்துக்கு வந்துவிட்டார்கள். இதை மருமானிடம் சொன்னபோது அவன் மிகவும் ரஸித்தான்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். கேரளாந்தகன், சிங்களாந்தகன் என்ற பெயர்கள் இன்று நம் காதில் அவ்வளவு இனிமையாக விழவில்லை. அடுத்த வீட்டுக்காரனுக்கு நான் யமன் என்று வாசலில் எழுதிவைப்பது போன்ற விஷயம். அந்த வரிசையில் என் மனத்துக்குப் பிடித்தது பண்டிதசோழன் வில்லிகள்தான். படிப்பும் வில்லும் ஒரே பெயரில் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால், கலாசாலைப் பட்டாளத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யாரோ பெயர் தயார் செய்து வைத்தது போல் இருக்கிறது. உண்மையில் அப்படி ஒன்றும் இல்லை, ஆசைதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சர்க்காருக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. அதன் கீழேதான் நம் நாட்டு மாணவர்களுக்கு முதல் முதலாகத் துப்பாக்கி கொடுத்தார்கள். வைத்த பெயர் 'சர்வகலாசாலைப் படை'. பெயரில் அலங்காரம் ஒன்றும் இல்லை. சுதேசிகள் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தவர்கள், வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அதில் உற்சாகம் இருந்ததாகத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டவர்களுக்கு இருந்தது.

கல்கத்தாவில் அப்படி வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். பிரஸிடென்ஸி கலாசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கலாசாலையில் சேர்ந்திருந்த சமயம். அதற்கு முன் வங்காளிப் பட்டாளத்தில் சேரப் போய், கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். மாணவர் படையில் அவருக்கு இடம் கிடைத்தது. கல்கத்தா மைதானத்தில் கூடாரம். பிரிட்டிஷ் காப்டனிடம் பயிற்சி. துப்பாக்கி வாங்கிக்கொள்வதற்காக அணிவகுத்து வில்லியம் கோட்டைக்குள் நுழைந்த நாளைப் பற்றி அவர் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். சொந்தமாக இருக்கவேண்டிய ஒன்று, அநியாயமாகப் பறிக்கப்பட்ட ஒன்று, கைக்குத் திரும்பி வந்தது போல் இருந்ததாம். அந்தக் கோட்டைக்குள் அவர் நுழைந்தது சர்க்காரின் ஆளாக. மனத்துக்குள் அவர் யாருடைய ஆள் என்பது பிற்பாடுதான் சர்க்காருக்குத் தெரிந்தது.

யுத்தம் முடிந்து 1920-இல் புதிய சட்டத்தின்படி அந்தப் படை 'சர்வகலாசாலைப் பயிற்சிப் படை' ஆயிற்று. அதாவது, இது படை அல்ல, பயிற்சிதான் என்று பெயரிலேயே அடக்கி வாசித்துவிட்டார்கள். இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942-இல் பெயர் மறுபடியும் மாறி, 'சர்வகலாசாலை அதிகாரிகள் பயிற்சிப் படை' ஆயிற்று. இப்போது அவர்களுக்கு அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். உடனே பெயரிலும் அதிகாரி வந்துவிட்டார். கால் நூற்றாண்டில் மூன்று பெயர்கள். மூன்றும் சர்க்கார் காகிதத்தில் பிறந்தவை. அன்றன்றைக்குத் தங்களுக்கு என்ன குறை என்பதைத்தான் அவை சொல்லுகின்றன. அணியில் நின்ற பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆயிரத்தொன்பது நூற்று நாற்பத்திரண்டாம் வருஷத்தில், நாடெங்கும் மாணவர்கள் கலாசாலைகளை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தபோது, இப்படி ஒரு பெயரை அவர்களுக்கு முன்னால் நீட்டியது எவ்வளவு பொருத்தம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள்.

மாணவர் படைக்கு மாணவர்களே பெயர் வைத்த கதை ஒன்று உண்டா என்று பார்த்தேன். அமெரிக்காவில் உண்டு. நெப்ராஸ்கா என்பது நம் தஞ்சை ஜில்லாவைப் போலவே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். ஆனால் நெல் அல்ல, சோளமும் கோதுமையும். சர்க்கார் நிலம் பெற்ற சர்வகலாசாலைகள் ராணுவப் பயிற்சியும் கற்பிக்கவேண்டும் என்று 1862-இல் அங்கே சட்டம் செய்திருந்தார்கள். அதன்படி நெப்ராஸ்கா சர்வகலாசாலைக்கு 1891-இல் ஒரு லெப்டினன்ட் வந்து சேர்ந்தார். பெயர் ஜான் பெர்ஷிங். குடியானவர் வீட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து அவர் தயார் செய்த குழு, மறு வருஷமே ஓமஹா நகரத்தில் நடந்த கவாத்துப் போட்டியில் பரிசு பெற்றது. அந்தப் பிள்ளைகள் பின்னர் ஒரு கௌரவச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1895-இல் ஆசிரியர் ஊரை விட்டுப் போகும் தறுவாயில் சங்கத்துக்கு 'பெர்ஷிங் ரைபிள்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்லுவார்கள். நினைவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று மாணவர்கள் கேட்டார்களாம். என்ன வேண்டும் என்று அவர் கேட்க, உங்கள் குதிரைப்படைக் கால்சட்டை வேண்டும் என்றார்களாம்! மஞ்சள் கரை போட்ட தம் நல்ல கால்சட்டையையே அவர் கொடுத்துவிட்டார். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டாகச் சட்டையில் குத்திக்கொண்டார்களாம். நம் ஊரில் வஸ்திரத்தைக் கிழித்து இப்படிப் பங்கு போட்டுக்கொண்டால் பிரசாதம் என்போம்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், அன்று பெர்ஷிங் ஒரு சாதாரண லெப்டினன்ட். முதல் உலக யுத்தத்தில் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்கச் சேனைக்கு அவர் தளபதியானது இருபத்திரண்டு வருஷம் கழித்து. ராஜராஜனின் வீரர்களுக்குப் பெயர் மேலேயிருந்து வந்தது. நெப்ராஸ்காப் பையன்கள் கீழேயிருந்து மேலே பெயரை அனுப்பினார்கள். பிற்பாடு 1904-ஐ ஒட்டி விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் 'உறையும் வாளும்' என்று இன்னொரு கௌரவச் சங்கம் தோன்றியது. அதற்கு மனிதர் பெயரே இல்லை. வாளைச் சொன்னவர்கள் உறையையும் மறக்காமல் சொன்னார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அமெரிக்கா வரையில் போவானேன்? நம் காவிரிக் கரை ஜனங்களின் கதையிலேயே இப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறவேண்டும்.

தஞ்சை ஜில்லாவின் வயல்களில் பண்ணையாட்களாக உழைத்தவர்கள், கங்காணியின் பேச்சைக் கேட்டும் வயிற்றின் பேச்சைக் கேட்டும், பல தலைமுறைகளாக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனார்கள். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் கீழத் தஞ்சைக் கிழவர்கள் சிலர் பெருமூச்சு விடுவார்கள். ஊரில் நெல் விளைந்தது; சோறு அக்கரையில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது. அந்தத் தோட்டங்களுக்கு 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். அவர்களிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு மோகன் சிங் முதலில் இந்திய தேசிய ராணுவத்தை அமைத்தார். அதன் ரெஜிமென்டுகளுக்குக் காந்தி, நேரு, ஆஸாத் என்று பெயர். அஹிம்சா மூர்த்தியின் பெயரில் ஒரு ரெஜிமென்டு! மகாத்மாவைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ? ஆனால் வீட்டை விட்டு ஆயிரம் காதம் தள்ளி, எதிரியின் சிறையில் கிடந்தவர்களுக்கு வீடு என்றால் நினைவுக்கு வந்த பெயர்கள் அவைதான்.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் போஸ் தலைமை ஏற்றார். வில்லியம் கோட்டைக்குள் துப்பாக்கி வாங்கப் போன அதே மாணவர். மூன்று ரெஜிமென்டுகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, மலேயாவில் தைப்பிங் என்ற ஊரில் நாலாவதாக ஒன்றை உண்டாக்கினார்கள். ஷா நவாஸ் கான் அதற்குத் தளபதி. சிப்பாய்கள் அதைச் 'சுபாஷ் பிரிகேட்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அப்படி அழைக்கவேண்டாம் என்றார் போஸ். அவர்கள் கேட்கவில்லை. மற்ற எல்லாக் கட்டளைகளுக்கும் பணிந்தவர்கள் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் பணியவில்லை. அந்தப் பெயரோடுதான் 1944-இல் பர்மா எல்லையில் ஹாகா, ஃபாலம் மலைகளுக்குப் போனார்கள். பசியாலும் ஜுரத்தாலும் பலர் திரும்பவில்லை.

பொறுக்கி எடுத்த படை, முன்னால் ஒரு தலைவனின் பெயர். தஞ்சைக் கல்வெட்டின் பாஷையில் எழுதினால், 'சுபாஷ் தெரிந்த பரிவாரத்தார்' என்றே எழுதிவிடலாம். ஆனால் ராஜராஜன் கொடுத்தான், இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்ஸி ராணி ரெஜிமென்டுக்குப் பயிற்சி முகாம் திறந்தார்கள். காப்டன் லக்ஷ்மியின் கீழ் நின்ற பெண்களில் கணிசமானவர்கள் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் மரம் சீவும் கத்தியை வைத்துவிட்டு வந்தவர்கள். ஜான்ஸி எங்கே இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வடநாட்டு ராணியின் பெயரை அவர்கள் தங்கள் பெயராகவே ஆக்கிக்கொண்டார்கள். பின்னால் ராணுவத்தில் சேர்ந்த சிவிலியன்களிலும் பெரும்பான்மையோர் மலேயாத் தமிழர்களே.

யுத்தம் முடிந்தது. 1946-இல், இந்திய மாணவர்களுக்கு எப்படிப்பட்ட படை வேண்டும் என்று ஆராய ஒரு கமிட்டி நியமித்தார்கள். தலைவர் பண்டித ஹிருதயநாத குன்ஸ்ரு. இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர் அவர். அதே சங்கத்தில் கோகலேக்குப் பின் தலைமை வகித்தவர் நம் வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். கும்பகோணம் கலாசாலையின் மாணவர். அந்தச் சங்கத்தாருக்கும் துப்பாக்கிக்கும் வெகு தூரம். மிதவாதிகள், மெல்லப் பேசுகிறவர்கள். மாணவர் கையில் ஆயுதம் கொடுக்கும் விஷயத்தை அப்படிப்பட்ட ஒருவரிடம் ஒப்படைத்தது நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. உறையும் வாளும் என்றார்களே, அந்தக் கணக்கு.

1947-இல் அறிக்கை வந்தது. 1948 ஏப்ரலில் சட்டம் நிறைவேறி, ஜூலையில் படை பிறந்தது. ஆங்கிலப் பெயர் 'நேஷனல் கேடட் கோர்'. முப்பது வருஷமாக மூன்று பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருந்த 'சர்வகலாசாலை' என்ற சொல் உதிர்ந்துவிட்டதைக் கவனியுங்கள். பட்டப் படிப்புக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் திறந்தார்கள். பெண்களுக்கும் ஒரு பிரிவு என்று சட்டத்திலேயே எழுதி, 1949-இல் அதைத் தொடங்கினார்கள். படையில் சேர்ந்ததை மட்டும் காரணமாகக் கொண்டு யாரையும் போர்முனைக்கு அனுப்பக்கூடாது என்றும் சட்டம் சொல்லுகிறது. போன சொல்லுக்குப் பதிலாக வந்த சொல் 'நேஷனல்'. கமிட்டி, மசோதா, சட்டம் என்று இதுவும் காகிதத்தில் பிறந்த பெயர்தான். ஆனால் காகிதம் நம்முடையது.

'கேடட்' என்ற வார்த்தைக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. பிரான்ஸ் தேசத்தின் தெற்கே, காஸ்கனியில் வழங்கிய சொல். 'சின்னத் தலைவன்' என்று பொருள். சொத்து மூத்த மகனுக்குப் போய்விடும். இளைய மகன்கள் பட்டாளத்துக்கு வருவார்கள். பெரிய வீட்டு இளைய பிள்ளை என்பதே கேடட் ஆயிற்று. தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, இந்தப் பெரிய வீட்டையும் சின்னத் தலைவனையும் ஒரே அடியில் தள்ளிவிட்டு, 'மாணவர்' என்று வைத்துவிட்டார். தேசிய மாணவர் படை. பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பதற்கு இந்தச் சொல்தான் சௌகரியம். தஞ்சை ஜில்லாவில் இது சின்ன விஷயம் அல்ல என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

1962-இல் சீனாவோடு யுத்தம் வந்ததும், மறு வருஷம் கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். எல்லோரும் வந்தார்கள், வந்தவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. 1968-இல் கட்டாயம் போயிற்று. அந்த ஐந்து வருஷங்களைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் பூட்ஸ் கடித்ததையும் கவாத்துக்கு மட்டம் போட்டதையும்தான் சொல்லுகிறார்கள். 'தெரிந்த' என்ற சொல்லுக்கு அர்த்தம் இல்லாமல் போனால் அப்படித்தான். இப்போது விருப்பப்பட்டு வருகிறவர்களிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்கள். முகாம்கள் உண்டு, பரீட்சைகள் உண்டு. 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்கு ராணுவ அதிகாரியாகத் தனி வழியும் உண்டு. ஜனவரி 26-ஆம் தேதி டில்லி அணிவகுப்பில் நடக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஊரே கொண்டாடுகிறது. 'ஒற்றுமையும் கட்டுப்பாடும்' என்பது 1980-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை வாசகம். கொடியில் மூன்று வர்ணம், பதினேழு தாமரை. பட்டாலியனுக்கு மட்டும் எண்.

இவ்வளவையும் சேகரித்து வைத்துக்கொண்டு, பொங்கலுக்கு மருமான் வந்தபோது உட்கார்த்திவைத்துச் சொன்னேன். சுபாஷ் பிரிகேட் கதையை இரண்டாம் தடவை கேட்டான். அப்புறம் கொஞ்ச நேரம் கரும்பைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"எங்கள் கம்பெனியில் எங்கள் பிளட்டூனுக்கு நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம், மாமா" என்றான்.

"அடே, அப்படியா? என்ன பெயர்?"

"அதை வெளியாரிடம் சொல்லுகிற வழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து, கையை வீசிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டான்.